உடுப்பும் மதிப்பும்

(ஒரகடம் வட்டாரத்துத் தொழிலாளத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியதின் சாரம்)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கிற விஷயம் நம் பாட்டன் பாட்டிமார் காலத்து நடையுடை என்பதாகும். அதாவது 1930 முதல் 1960 வரைக்கும் நம் நாட்டுச் சாதாரண ஜனங்கள் எதை உடுத்தினார்கள், எதை உடுத்தாமலிருந்தார்கள், அதிலிருந்து அன்றையச் சமூகத்தின் யோக்கியதை என்னவென்று தெரிகிறது என்பதைப் பற்றியாகும். இந்தத் தலைப்பைக் கேட்டதும் ஒரு வாலிபத் தோழர் நம்மிடம் வந்து, "அய்யா, காண்டிராக்ட் முறையைப் பற்றிப் பேசலாம், சங்கம் வைக்கும் உரிமையைப் பற்றிப் பேசலாம், சேலையையும் ரவிக்கையையும் துண்டையும் பற்றித் தொழிலாளர் கூட்டத்தில் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. அதற்குப் பதில் சொல்லுவதுதான் இன்றையப் பேச்சாகும். கேட்டுவிட்டு, சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

மனிதன் எதற்காக உடை உடுத்துகிறான் என்று கேட்டால் சாதாரணமாக மூன்று காரணம் சொல்லுவார்கள். வெயில், குளிரிலிருந்து உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள என்பது ஒன்று. மானத்தை மறைக்க என்பது இரண்டாவது. அழகுக்காக என்பது மூன்றாவது. இந்த மூன்றுமே உண்மையானால், யார் வேண்டுமானாலும் கையில் காசு இருக்கிற அளவுக்கு எதை வேண்டுமானாலும் உடுத்திக்கொண்டிருக்க வேண்டும். ஏனென்றால் வெயில் எல்லார் முதுகிலும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது. மானமும் எல்லோருக்கும் உண்டு. ஆனால் நம் நாட்டில் அப்படி நடந்ததா என்று பார்த்தால் நடக்கவில்லை. இன்னார் சட்டை போடக்கூடாது, இன்னார் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது, இன்னார் செருப்புப் போடக்கூடாது என்று தடை இருந்தது. தடை இருந்தது என்றால், உடைக்கு நான்காவதாக ஒரு காரியமும் இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த நான்காவது காரியம்தான், எதிரில் வருகிறவன் நமக்கு மேலா கீழா என்று வாய் திறந்து கேட்காமலே தெரிந்துகொள்ளுவதாகும்.

இது நாமாகக் கற்பித்துச் சொல்லுவதல்ல. இராமநாதபுரம் ஜில்லாவில் 1930ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஆதிக்க ஜாதியார் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுக் கட்டளை போட்டார்கள். 1931ஆம் வருஷத்து ஜனக்கணக்குக்கு அதிகாரியாக இருந்த ஹட்டன் என்ற வெள்ளைக்காரர் அதைச் சர்க்கார் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கட்டளைகளின் சாரம் என்னவென்றால்: தங்கம் வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொள்ளக்கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் வைத்துக்கொள்ளக்கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, காலில் செருப்புப் போடக்கூடாது.

தோழர்களே! இந்த எட்டில் எத்தனை உடையைப் பற்றியது என்று எண்ணிப் பாருங்கள். பாத்திரம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் உடம்பின் மேல் போட்டுக்கொள்ளுகிற சங்கதியே. கட்டளைக்கு அவர்கள் கீழ்ப்படியாததால் குடிசைகள் கொளுத்தப்பட்டன; தானியமும் சொத்தும் அழிக்கப்பட்டன. அதோடும் நிற்கவில்லை. அடுத்த 1931 ஜூன் மாதம் இன்னும் பதினொரு கட்டளை வந்தது. அதில் பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதாரரின் மாடு மேய்க்க வேண்டும் என்றும், காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை செய்ய வேண்டும், கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா என்றும் இருந்தது.

சேலையைப் பற்றித் தொழிலாளர் கூட்டத்தில் என்ன பேச்சு என்று கேட்ட தோழருக்கு இதுவே பதிலாகும். சட்டை போடாதே என்று சொன்ன அதே கூட்டம்தான், ஆறு மாதத்துக்குள், பதினொரு மணி நேரம் வேலை செய், நாலணா வாங்கிக்கொள் என்றும் சொல்லிற்று. சட்டையைக் கழற்றச் சொல்லுவதும் கூலியைக் குறைப்பதும் ஒரே கையின் வேலையே. வெறும் மேலோடு நிற்கிறவன் கூலியை உயர்த்திக் கேட்கமாட்டான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் நமக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை.

நிற்க, திருவிதாங்கூர் சங்கதியைப் பார்ப்போம். அங்கே நாடார் பெண்கள் மேலே துணி போட்டுக்கொள்ளக்கூடாது என்று வழக்கம். கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று 1814இல் கர்னல் மன்றோ உத்தரவிட்டார். மேல்ஜாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போடக்கூடாது என்று 1829இல் இராணியின் சர்க்கார் விளம்பரம் போட்டது. 1858, 1859இல் கடைவீதிகளில் பெண்களின் துணி கிழிக்கப்பட்டது, கலகம் உண்டாயிற்று, சென்னைக் கவர்னர் டிரெவிலியன் தலையிட்ட பிறகு 1859 ஜூலை 26ஆம் தேதி மகாராஜா அனுமதி கொடுத்தார். அந்த அனுமதியின் யோக்கியதையைக் கேளுங்கள்: எப்படி வேண்டுமானாலும் மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்ஜாதிப் பெண்கள் போடுகிற மாதிரி மட்டும் கூடாது என்பதாகும். மானத்தை மறைக்கச் சம்மதித்தார்கள். சமமாகத் தோன்றச் சம்மதிக்கவில்லை. அப்படியானால் அங்கே இருந்த தகராறு மானத்தைப் பற்றியதா, மதிப்பைப் பற்றியதா?

இதெல்லாம் தெற்கே நடந்தது, நம் செங்கல்பட்டு ஜில்லாவில் இல்லை என்று யாரும் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டியதில்லை. கட்டளையை எழுதி வைத்தால்தான் கட்டளை என்பதில்லை. வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் நாம் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில், நம் தகப்பனார் வயற்காட்டில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். நிலக்காரர் தெரு முனை வந்ததும் அந்தத் துண்டு தானாகவே இறங்கி இடுப்புக்கு வந்துவிடும். செருப்புக் கைக்கு வந்துவிடும். தெரு தாண்டினதும் துண்டு மறுபடியும் தோளுக்கு ஏறிவிடும். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் அதட்டவுமில்லை. "ஏன் அப்பா?" என்று கேட்டதற்கு, "வழக்கம்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை தலைமுறையின் பயம் அடங்கியிருந்தது என்று அப்போது நமக்குத் தெரியவில்லை.

இந்தத் துண்டை லேசாக நினைக்காதீர்கள். செட்டிநாட்டில் ஒரு கலியாண ஊர்வலத்தில் நாதசுர வித்துவான் ஒருவர் வியர்வை துடைக்கத் தோளில் துண்டு போட்டிருந்தார். பெரிய மனிதர்கள் எடுக்கச் சொன்னார்கள். பட்டுக்கோட்டை அழகிரிசாமி கூட்டத்திலிருந்து எழுந்து, எடுக்கவேண்டாம், வாசியுங்கள் என்று நின்றார். ஒரு முழத் துணிக்காக ஊரே இரண்டுபட்டு நின்றது என்றால், அந்தத் துணி வெறும் துணியாகவா இருந்தது?

நம் ஜில்லாவில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1930இல் லண்டன் வட்டமேஜை மகாநாட்டுக்குப் போனார். அங்கே சக்கரவர்த்தியைச் சந்திக்கையில், தாம் பறையர், தீண்டப்படாதவர் என்பதைக் கோட்டின் மேலேயே எழுதி அணிந்துகொண்டு போனார் என்றும், சக்கரவர்த்தி கைகொடுக்க வந்தபோது, தொடக்கூடாதவன் என்று எங்கள் நாடு வைத்திருக்கிறது என்று சொல்லிக் காட்டினார் என்றும் சொல்லுவார்கள். உடையினாலேயே ஊமையாக்கப்பட்ட ஜனத்துக்கு அவர் உடையினாலேயே பேசிக் காட்டினார். அதே வருஷத்து டிசம்பரில்தான் இராமநாதபுரத்தில் சட்டை போடாதே என்ற கட்டளை பிறந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஸ்ரீபெரும்புதூரில்தான் இராமாநுசர் பிறந்தார். அவர் கோபுரத்தின் மேல் ஏறி எல்லா ஜனங்களுக்கும் மந்திரத்தை உபதேசித்தார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளுகிறார்கள். அது உண்மையானால் சந்தோஷமே. ஆனால் மந்திரம் எல்லோருக்கும் கிடைத்துத் தொளாயிரம் வருஷமாகியும், நம் தகப்பனாருக்கு அந்தத் தெருவில் செருப்புக் கிடைக்கவில்லையே, அது ஏன் என்றுதான் கேட்கிறோம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பழைய போட்டோக்களில் ரவிக்கை போடாத பாட்டிமாரைப் பார்த்ததும், அய்யோ பாவம், இவர்களெல்லாம் கொடுமைப்படுத்தப்பட்டவர்கள் என்று இன்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. பல ஜாதிகளில் வயதான பெண்கள் ரவிக்கை இல்லாமலே சேலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தங்கள் சௌகரியப்படியே இருந்தார்கள். நம் பாட்டிக்கு 1960க்குப் பிறகு ரவிக்கை தைத்துக் கொடுத்தபோது, இது கையைப் பிடிக்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டார். அவர் எறிந்தது அவர் இஷ்டம். ஆகவே போடுவதில் நாகரிகமும் இல்லை, போடாததில் இழிவும் இல்லை. போடாதே என்று இன்னொருவன் சொல்லுவதிலும், போட்டே தீர வேண்டும் என்று இன்னொருவன் சொல்லுவதிலும்தான் இழிவு இருக்கிறது.

அப்படியானால் இந்த நிலைமை எப்படி மாறிற்று? நாம் மேடை போட்டுப் பேசியதால் மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்ள நமக்கும் ஆசைதான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாடு, ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும், பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்றெல்லாம் தீர்மானித்தது. பெண்கள் தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும், ஆண்களைப் போலவே லுங்கியும் சட்டையும் போட வேண்டும், நகை மாட்டும் பொம்மைகளாக இருக்கக்கூடாது என்று பெரியார் ஓயாமல் சொன்னார். பேச்சைக் கேட்டுக் கைதட்டினவர்கள் அநேகர். வீட்டுக்குப் போய் மனைவிக்கு முடிவெட்டச் சம்மதித்தவர்கள் எத்தனை பேர்? கணக்கு எடுத்தால் நமக்கே வெட்கமாக இருக்கும். ஆகவே உள்ளதைச் சொல்லுவோம். பேச்சு வழி காட்டிற்று. ஆனால் நடந்து போனது வேறு பல கால்களால்.

முதலாவது, ஆலைத் துணி. பெரம்பூர்ப் பின்னி ஆலைகள் நெய்த காக்கித் துணி பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போயிற்று. காக்கி போட்டவன் எந்த ஜாதியானாலும் அவன் தோளிலிருந்து துணியை எடுக்கச் சொல்ல ஊர்ப் பெரிய மனிதருக்குத் தைரியம் வரவில்லை. யுத்தத்துக்குப் போய்விட்டு முழுக்கால் சட்டையும் பூட்ஸுமாக ஊருக்குத் திரும்பினவனைக் கண்டு சேரியே வெளியே வந்து பார்த்தது.

இரண்டாவது, தையல் மிஷின். தைத்த துணிக்குப் பழைய சாத்திரத்தில் பெரிய மரியாதை இல்லை. ஆனால் கடைத்தெருவில் ஒரு தையற்காரர் மிஷின் போட்டு உட்கார்ந்ததும், அளவு எடுக்க வருகிற உடம்பெல்லாம் அவருக்கு ஒன்றாயிற்று. மார்புச் சுற்றளவுக்கு ஜாதி இல்லை என்பதை அவருடைய நாடா கண்டுபிடித்துவிட்டது.

மூன்றாவது, சினிமா. தியாகராஜ பாகவதரின் தலைமுடியைப் பார்த்து ரிக்ஷா இழுக்கிறவரும் பாகவதர் கிராப்பு வைத்துக்கொண்டார். பெண்கள் படத்தில் கண்ட கை வைத்த ரவிக்கையைத் தையற்காரரிடம் கேட்டார்கள். கிராப்பு வெட்டாதே என்று இராமநாதபுரத்தில் கட்டளை போட்டவர்களின் பிள்ளைகளே அந்தக் கிராப்பை வெட்டிக்கொண்டார்கள். பைத்தியக்காரத்தனமான மோகம் என்று பெரியவர்கள் திட்டினார்கள். மோகமாகவே இருக்கட்டும், நாலணாக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்தவனும் பத்தணாக் கொடுத்து நாற்காலியில் உட்கார்ந்தவனும் ஒரே மாதிரித் தலை சீவிக்கொண்டு வெளியே வந்தார்கள் என்பது சின்னக் காரியமா?

நான்காவது, பள்ளிக்கூடம். 1954 முதல் 1963 வரை காமராசர் முதல் மந்திரியாக இருந்தபோது, கல்வி இலாகாவுக்கு நெ. து. சுந்தரவடிவேலு அதிகாரியாக இருந்து, பகல் உணவும் சீருடையும் ஊர் ஊராகப் பரவின. பண்ணையார் பிள்ளையும் பண்ணையாள் பிள்ளையும் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்தச் சட்டையை முதல் தடவை போட்ட அன்று நாம் அதே நிலக்காரர் தெரு வழியாகத்தான் போனோம். சட்டையைக் கழற்ற வேண்டுமா என்று நமக்கு ஒரு கணம் தோன்றிற்று. கழற்றவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் நம் தகப்பனார் அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் தடவிப் பார்த்தார்.

இனி அரசியல்காரரின் உடையைப் பார்ப்போம். காந்தியார் 1921 செப்டம்பரில் மதுரையில் தம் உடையைக் குறைத்து முழத்துண்டு கட்டிக்கொண்டார். ஏழைக்குத் துணி இல்லை, ஆகவே எனக்கும் வேண்டாம் என்பது அவர் எண்ணம். எண்ணத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் சட்டை போட்டால் அடிக்கப்படுகிறவனுக்கு, சட்டை போடாதே என்ற உபதேசத்தால் என்ன லாபம்? டாக்டர் அம்பேத்கர் அதனால்தான் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நின்றார். ஒருவர் தம்மிடம் இருந்ததைத் துறந்து காட்டினார். மற்றவர் தம் ஜனத்துக்கு மறுக்கப்பட்டதை அணிந்து காட்டினார். இருப்பவன் துறப்பது தியாகம். இல்லாதவன் அணிவது உரிமை.

கறுப்புச் சட்டையின் கதையும் அதுவே. 1945இல் கருஞ்சட்டைப் படை ஏற்பட்டது. 1946 மே மாதம் மதுரையில் கருஞ்சட்டை மகாநாட்டுப் பந்தல் கொளுத்தப்பட்டது. 1948 மார்ச்சில் சென்னை சர்க்கார் அந்தப் படையையே தடை செய்தது. துணியின் நிறத்துக்குச் சர்க்கார் பயந்தது. ஆனாலும் எல்லோரும் எப்போதும் அதையே போட வேண்டுமா என்று இயக்கத்துக்குள்ளேயே அபிப்பிராய பேதம் இருந்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. எந்தச் சட்டையானாலும், நம்முடைய சட்டையே ஆனாலும், கட்டாயமானால் அதையும் கேள்வி கேட்பதுதான் பகுத்தறிவாகும்.

அடுத்தபடியாக, துணியை உடுத்தினவர்களைப் பற்றிப் பேசிவிட்டு நெய்தவர்களை மறந்துவிடக்கூடாது. இங்கிருந்து பஸ் ஏறினால் காஞ்சிபுரம். அங்கே கோர்வைப் பட்டுச் சேலைக்கு உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் இணைக்க, தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து மூன்று நாடா ஓட்ட வேண்டும். இப்படி நாள்கணக்கில் உட்கார்ந்து கலியாணச் சேலை நெய்த பெண், தன் கலியாணத்துக்கு நூல் சேலைதான் கட்டினாள். யுத்த காலத்தில் துணிக்கும் நூலுக்கும் பஞ்சம் வந்து, 1943இல் சர்க்கார் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டு, துணியின் மேலேயே விலை முத்திரை குத்தச் செய்தபோது, ஜனங்கள் துணிக்கு வரிசையில் நின்றார்கள். நெசவாளி நூலுக்கு வரிசையில் நின்றான். 1953இல் கைத்தறி தேங்கிக் கிடந்தபோது, காஞ்சிபுரத்துக்காரரான அண்ணாதுரையும் அவர் தோழர்களும் துணி மூட்டையைத் தோளில் போட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள்.

இதைவிட வேடிக்கை ஒன்று சொல்லுகிறோம். நம் பக்கத்துத் தறிகளில் நெய்த கட்டம் போட்ட லுங்கித் துணியைக் கூலிக்காரன் துணி என்று நம் ஊரில் மட்டமாகப் பேசுவார்கள். 1958இல் அந்த மாதிரித் துணியை வாங்கிப்போன ஓர் அமெரிக்க வியாபாரி, அதை நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றார். குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கினவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சாயம் போயிற்று, புகார் வந்தது. வியாபாரிகள் என்ன செய்தார்கள்? சாயம் போவதுதான் இதன் விசேஷம், ஒவ்வொரு துவைப்பிலும் ஒரு புது நிறம் என்று விளம்பரம் செய்தார்கள். அமெரிக்கக் கலாசாலை மாணவர்களுக்கு அது பெரிய நாகரிகமாகிவிட்டது. அதே துணிதான், அதே சாயம்தான். கூலிக்காரன் இடுப்பில் இருந்தால் இழிவு, பணக்காரப் பிள்ளை தோளில் இருந்தால் நாகரிகம். மதிப்பு துணியில் இல்லை, உடுத்துகிறவனின் அந்தஸ்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டுமா?

இது மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். 2014 ஜூலை மாதம் சென்னை அய்க்கோர்ட் நீதிபதி ஒருவர் வேஷ்டி கட்டிக்கொண்டு போனதற்காக ஒரு கிரிக்கெட் கிளப்புக்குள் விடப்படவில்லை. வெள்ளைக்காரன் போய் 67 வருஷத்துக்குப் பிறகும் அவன் போட்ட உடை விதி காவல் காத்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு அதே வருஷம் தமிழ்நாடு சட்டசபை, பொது இடங்களில் வேஷ்டிக்குத் தடை போடக்கூடாது என்று சட்டம் செய்தது. நீதிபதிக்கு நேர்ந்தது சட்டமாயிற்று; நல்லதே. நம் தகப்பனாருக்கு நேர்ந்ததற்கு யார் அவசரச் சட்டம் செய்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இப்போது பெண்கள் விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்துக் குடும்பப் போட்டோக்களைப் பாருங்கள். ஆண் கோட்டுப் போட்டிருப்பான். அது போட்டோ ஸ்டூடியோவின் கோட்டாகவும் இருக்கலாம். கைக்கடியாரம், கிராப்பு, பூட்ஸ் எல்லாம் இருக்கும். பக்கத்தில் மனைவி அதே பழைய சேலை, அதே மூக்குத்தி, அதே தாலியோடு நிற்பாள். ஆண் வெள்ளைக்காரனைப் போல மாறலாம், அது முன்னேற்றம். பெண் மாறினால் அது கலாசாரம் கெட்டுப்போனது. நாகரிகத்தை ஆண் எடுத்துக்கொண்டு, கலாசாரத்தைப் பெண்ணின் கழுத்தில் கட்டிவிட்டான். சுயமரியாதை பேசின நம்மில் அநேகரும் இந்தக் குற்றத்துக்கு விலக்கல்ல.

இது பழங்கதை என்று யாராவது சொன்னால், இந்த ரோட்டையே காட்டுகிறோம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஓடி வெளியே வந்தது முதல், இந்தப் பக்கத்து வயல்களில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டெலிபோன் எல்லாம் விளைகின்றன. நெசவாளியின் பிள்ளையும் விவசாயக் கூலியின் பிள்ளையும் கம்பெனி பஸ் ஏறி, ஒரே நிறச் சட்டையோடு இறங்குகிறார்கள். இராமநாதபுரத்துக் கட்டளையை நினைத்தால் இது எவ்வளவு பெரிய காரியம்! இதை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். சில ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறம், பயிற்சிக்கு வந்தவனுக்கு ஒரு நிறம், காண்டிராக்ட் ஆளுக்கு ஒரு நிறம் என்று இருக்கிறதே, அது எதற்கு? வேலையின் பத்திரத்துக்காகவும் அடையாளத்துக்காகவும் என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒரே வேலையை, ஒரே வரிசையில் நின்று செய்கிற இரண்டு பேரில், சட்டையின் நிறத்தைப் பார்த்தே இவனுக்குச் சம்பளம் பாதி, இவனை நாளைக்கே நிறுத்தலாம் என்று தெரிகிறதென்றால், துண்டை இடுப்புக்கு இறக்கின அந்தத் தெருவுக்கும் இந்த ஷெட்டுக்கும் எவ்வளவு தூரம்? ஜாதி போய் நிறம் வந்தது என்று ஆகிவிடக்கூடாது என்பதுதான் நம் கவலை.

இன்னொன்று. 2024 ஜூன் மாதம் ராய்ட்டர் செய்தி ஸ்தாபனம், ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் அய்போன் பூட்டும் வேலைக்குக் கலியாணமான பெண்களை எடுப்பதில்லை என்று விசாரித்து எழுதிற்று. குடும்பப் பொறுப்பும், தாலி மெட்டி முதலிய உலோக நகைகளும் காரணமாகச் சொல்லப்பட்டன. கம்பெனியார், அப்படிப் பாகுபாடு இல்லை, புதிதாக எடுத்த பெண்களில் 25 சதவிகிதம் கலியாணமானவர்கள், உலோகம் கூடாது என்பது ஆண் பெண் எல்லோருக்கும் பொதுவான பாதுகாப்பு விதி என்றார்கள். மத்திய சர்க்கார் அறிக்கை கேட்டது. அந்த வருஷ நவம்பரில், ஆள் எடுக்கும் விளம்பரங்களில் கலியாண விவரம் கேட்கக்கூடாது என்று ஏஜெண்டுகளுக்குச் சொல்லப்பட்டதாகவும் செய்தி வந்தது.

இதில் நாம் ஒரு பக்கத்தை மட்டும் பேசப்போவதில்லை. மின்சாரக் கருவி வேலையில் உலோகம் ஆபத்து என்றால் அது விஞ்ஞானம்; விஞ்ஞானத்தோடு நமக்கு விவாதம் இல்லை. ஆனால் ஆபத்து உலோகத்தில் இருக்கிறதா, கலியாணத்தில் இருக்கிறதா? உலோகத்தில் என்றால், உலோகத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல். பெண்ணையே வெளியே நிறுத்தாதே. இது முதலாளிக்கு. இனி நம் வீட்டாருக்கு: எட்டு மணி நேரம் தாலியைக் கழற்றி வைத்தால் புருஷன் ஆயுசு குறைந்துவிடும் என்று ஒரு பெண்ணைப் பயமுறுத்தி வைத்திருக்கிறீர்களே, மனைவியின் ஆயுசுக்காக எந்தப் புருஷன் கழுத்தில் எதைக் கட்டிக்கொண்டிருக்கிறான்? 1967இல் சென்னை ராஜ்யம் செய்த சட்டத்தின்படி மாலை மாற்றினாலும் மோதிரம் மாற்றினாலும் கலியாணம் கலியாணமே. தாலி கட்டித்தான் தீர வேண்டும் என்பதில்லை. சட்டமே விட்டுக்கொடுத்ததை மாமியார் விட்டுக்கொடுக்கவில்லை. கழற்றாதே என்று வீடும், கழற்றாவிட்டால் வராதே என்று ஆலையும் சொன்னால், நடுவில் ஒரு பெண்ணின் சம்பளம் போகிறது. கட்டிக்கொள்ள விரும்புகிற பெண் கட்டிக்கொள்ளட்டும்; கழற்ற விரும்புகிறவள் கழற்றட்டும். அவள் கழுத்து அவளுடையது என்பதை இரண்டு தரப்பாரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே தோழர்களே! நாம் கேட்டுக்கொள்ளுவது மூன்றே. ஒன்று, உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அந்தக் காலத்தில் எதை உடுத்தினீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எதை உடுத்த விடவில்லை, யார் விடவில்லை என்றும் கேளுங்கள். கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் போன பிறகு சொல்ல ஆளிருக்காது. இரண்டு, ஆலையில் சட்டையின் நிறத்தைப் பார்த்து ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியை மட்டமாக நினைக்காதீர்கள். கேண்டீனில் காண்டிராக்ட் சட்டைக்காரன் பக்கத்தில் உட்காரத் தயங்குகிறவன், தன் பாட்டனைத் துண்டை இறக்கச் சொன்னவனின் வேலையைத் தானே செய்கிறான். மூன்று, வீட்டுப் பெண்கள் சேலை கட்டுவதா, சுடிதார் போடுவதா, முடி வளர்ப்பதா, வெட்டுவதா என்பதில் தலையிடாதீர்கள். நாம் சொன்னோம் என்பதற்காகவும் அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டாம். தங்களுக்குச் சௌகரியமா என்று யோசித்துச் செய்யட்டும்.

நம் தகப்பனார் கடைசிக் காலத்தில் ஒரு நாள் அந்தத் தெரு வழியாக நம்மோடு நடந்து வந்தார். துண்டு தோளிலேயே இருந்தது. ஆனால் தெரு முனையில் அவர் கை மட்டும் துண்டின் மேல் போய், அங்கேயே நின்று, பிறகு கீழே இறங்கிற்று. துண்டை இறக்கச் சொன்னவர்கள் எல்லோரும் செத்துப்போய்விட்டார்கள். அந்தக் கை மாத்திரம் அதை மறக்கவில்லை. சட்டம் ஒரு நாளில் மாறலாம், துணி ஒரு தலைமுறையில் மாறலாம். அந்தக் கையின் பயம் போக இன்னும் அதிக காலம் ஆகும். நம் பிள்ளைகளின் கை அப்படி எந்தத் தெருவிலும், எந்த ஆலை வாசலிலும் போகாதபடி பார்த்துக்கொள்ளுவதுதான் நம் வேலையாகும்.